வரும், வரலாம், எத்தனை பேரில்? – நோயிடரைத் தமிழில் அறிதல்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவைப் பற்றி இரண்டு கூற்றுகளை அடிக்கடி கேட்கலாம். ஒன்று: "எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும் வந்தே தீரும்." மற்றொன்று: "எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் உண்டார், எண்பத்தைந்து வயதுவரை வாழ்ந்தார், எனக்கு ஒன்றும் வராது." முதற்கூற்று அச்சத்தில் பிறந்தது, இரண்டாவது துணிவில் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஒரே முடிவில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இரண்டையும் சொல்வோர் பரிசோதனைக்குச் செல்வதில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்கு உட்பட்டோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 17.2 விழுக்காடு. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. இரு நாட்டு ஆய்வுகளும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்தவை. ஆதலால் ஒரு நாட்டு எண்ணை மற்ற நாட்டு எண்ணோடு ஒப்பிடுதல் கூடாது. மலேசிய ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த 18.3 விழுக்காட்டில் 9.4 விழுக்காட்டினரே தமக்கு நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தனர். எஞ்சிய 8.9 விழுக்காட்டினர் அறியாமலே வாழ்ந்து வந்தனர்.

நாம் மருத்துவர் அல்லர், மொழியியல் பயின்றவர். நோய்க்கு மருந்து கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஒருவருக்கு ஒரு நோய் வருவதற்கான இடர் எவ்வளவு என்பதை மருத்துவர் ஒரு வகையாகச் சொல்கிறார். அது வீட்டுக்கு வந்து சேரும்போது வேறு வகையாக மாறிவிடுகிறது. அம்மாற்றம் எந்தச் சொல்லில், எந்த வினைமுற்றில், எந்த உறவுப்பெயரில் நிகழ்கிறது என்பதைக் காட்டுவதே நோக்கம். தமிழாசிரியர்களும் மாணவர்களும் இப்பணியில் பெரிதும் உதவ முடியும் என்று நம்புகிறோம்.

காரணமும் காரணியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, வயது ஏற ஏற இரத்த அழுத்தம் ஏறுவது இயல்பே என்று மருத்துவர் பலர் கருதினர். உயர் இரத்த அழுத்தத்தின் பெரும்பான்மை வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரிலேயே 'இன்றியமையாத' என்று பொருள்தரும் ஓர் அடைமொழி இருந்தது. ஒன்றை இன்றியமையாதது என்று பெயரிட்டு அழைத்த பின்னர், அதைக் குறைக்க வேண்டும் என்னும் எண்ணம் எளிதில் எழாது.

இந்நிலையை மாற்றியதில் பெரும்பங்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிராமிங்ஹாம் என்னும் சிற்றூருக்கு உண்டு. 1948ஆம் ஆண்டு அவ்வூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து இதயநோய் ஆய்வொன்று தொடங்கியது. நோய் வந்தவரைத் தேடிச் சென்று ஆராயாமல், நோய் வராதவர்களை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தனர். எவருக்கு இதயநோய் வந்தது, எவருக்கு வரவில்லை, அவர்களிடையே முன்பே இருந்த வேறுபாடு என்ன என்று பார்த்தனர். வில்லியம் கேனல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1961இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'இடர்க்காரணிகள்' என்னும் கருத்து இடம்பெற்றது. உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்டிரால் ஆகியவை இதயநோய்க்கு முன்னோடிகளாக அதில் சுட்டப்பட்டன. இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் இக்கலைச்சொல் பரவியதற்கு அந்த ஆய்வே பெரிதும் காரணம்.

தமிழில் இதனை 'ஆபத்துக் காரணி', 'அபாயக் காரணி', 'இடர்க்காரணி' என மூவகையாக எழுதுகிறோம். ஆபத்து, அபாயம் என்னும் சொற்கள் கண்முன் வந்து நிற்கும் கேட்டையே நினைவூட்டுகின்றன. சாலையில் விரைந்து வரும் ஊர்தி ஆபத்து. இருபது ஆண்டுகளில் மெல்ல விளையக்கூடிய ஒன்றுக்கு அச்சொல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. 'இடர்' சற்றே அடங்கிய சொல். இவ்வுரையில் அதனையே ஆள்கிறோம்.

இரண்டாம் பகுதியாகிய 'காரணி' இன்னும் கவனிக்கத்தக்கது. அதைக் கேட்டவுடன் 'காரணம்' என்றே மனம் கொள்கிறது. 'உடற்பருமன் நீரிழிவின் இடர்க்காரணி' என்று படிப்பவர், 'பருமனாக இருந்தால் நீரிழிவு வரும். ஒல்லியாக இருந்தால் வராது' என்று முடிவுகட்டிவிடுகிறார். தமிழில் கணிதம் பயின்றவர்கள் இச்சொல்லை வேறு பொருளில் அறிவர். 12 என்னும் எண்ணுக்கு 3 ஒரு காரணி. ஆனால், 3 தனித்து நின்று 12 ஆவதில்லை. 4 என்னும் மற்றொரு காரணியோடு பெருகும்போதே 12 ஆகிறது. நோயிடரிலும் காரணி இந்தப் பொருளுக்கே நெருங்கி நிற்கிறது. வயது ஒரு காரணி, குடும்ப வரலாறு ஒரு காரணி, இடுப்புச் சுற்றளவு ஒரு காரணி, உடலுழைப்பின்மை ஒரு காரணி, புகைப்பழக்கம் ஒரு காரணி. ஒன்று மட்டும் இருப்பவருக்கு இடர் குறைவாக இருக்கலாம். பல சேரும்போது இடர் பெருகுகிறது. காரணி இருந்தும் நோய் வராதவர் உண்டு. இல்லாமலே வந்தவரும் உண்டு. இவ்வேறுபாட்டை மாணவருக்கு விளக்கக் கணித வகுப்பே நல்ல உவமையைத் தந்துவிடுகிறது.

'வரும்' என்னும் வினைமுற்று

'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்கிறோம். அது மாறாத இயல்பு. 'நாளை மாமா வருவார், பேருந்தும் வரும்' என்கிறோம், அது எதிர்பார்ப்பு. தமிழில் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று, என்றும் உள்ள இயல்பையும் இனி நிகழ்வதையும் ஒரே வடிவத்தால் உணர்த்த வல்லது. இச்சிக்கனம் மொழிக்கு அழகு. ஆனால் 'புகைபிடித்தால் புற்றுநோய் வரும்' என்னும் வாக்கியத்தில் அது இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. '-ஆல்' என்னும் நிபந்தனையும் 'வரும்' என்னும் முற்றும் சேர்ந்து, விதிவிலக்கில்லாத ஒரு சட்டம்போல் ஒலிக்கின்றன. சட்டத்தை வீழ்த்த ஒரே ஒரு சான்று போதும். சுருட்டுப் பிடித்தே எண்பது வயதைக் கடந்த தாத்தா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரைக் காட்டிப் பேரன் வாதத்தில் வென்றுவிடுகிறான். உண்மையில் அவன் வென்றது வாக்கியத்தை மட்டுமே. புகை உடலில் செய்யும் வேலை அப்படியே இருக்கிறது.

அவ்வாறெனில் 'வரும்' என்பதை விடுத்து 'வரலாம்' என்று சொல்லிவிடலாமா? அதுவும் முழுமையாகப் பயன்தரவில்லை. '-லாம்' ஈறு இசைவையும் உணர்த்தும், கூடுந்தன்மையையும் உணர்த்தும். 'நீங்கள் உள்ளே வரலாம்', 'மாலையில் மழை வரலாம்' என்னும் இரண்டையும் நோக்குக. அன்றியும், நூற்றில் ஒருவருக்கு நேர்வதும் 'வரலாம்' ஆகிறது. நூற்றில் அறுபது பேருக்கு நேர்வதும் 'வரலாம்' ஆகிறது. 'வரும்' அச்சுறுத்துகிறது, 'வரலாம்' உறங்கவைக்கிறது. 'வாய்ப்பு' என்னும் சொல்லை நாடினாலோ, 'நல்ல வாய்ப்பு', 'அரிய வாய்ப்பு' என வழங்கும் அச்சொல் 'நோய் வரும் வாய்ப்பு' என்னும்போது காதுக்கு உறுத்துகிறது.

தமிழில் இதைச் சொல்ல இயலாது என்பது நம் கருத்தன்று. எந்த மொழியிலும் ஒற்றை வினைமுற்று இடரின் அளவைச் சொல்லிவிடாது. அளவைச் சொல்ல எண் வேண்டும். எண்ணைச் சொல்லத் தமிழில் மிகத் தெளிவான, எளிய அமைப்பு ஒன்று முன்பே உள்ளது: 'நூறு பேரில் இத்தனை பேருக்கு.' ஏழாம் வேற்றுமை உருபாகிய 'இல்' முழுக் கூட்டத்தையும் சுட்டுகிறது. நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' அதற்குள் நோயுற்ற பகுதியைச் சுட்டுகிறது. 'விழுக்காடு' என்று சொன்னால் தயங்கும் பாட்டியும் 'நூறு பேரில் பதினேழு பேருக்கு' என்றால் உடனே புரிந்துகொள்வார்.

எத்தனை பேரில், எத்தனை ஆண்டில்?

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவு நிலையை இன்னும் எட்டாமல், சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் மட்டும் குறைந்திருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு உணவுமுறையிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டினர். மூன்றாண்டுக் காலத்தில் முதற்பிரிவில் நூறு பேரில் 55 பேருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய பிரிவில் நூறு பேரில் ஏறத்தாழ 39 பேருக்கு வந்தது.

இம்முடிவை இருவகையாக எழுதலாம். 'இடர் 28.5 விழுக்காடு குறைந்தது' என்று எழுதலாம். 'நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர், அக்காலத்துக்குள் நோய் வராமல் காக்கப்பட்டனர்' என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. 55இலிருந்து 39.3க்கு இறங்கிய 15.7 என்னும் வேறுபாட்டை 55ஆல் வகுத்தால் கிடைப்பதே 28.5 விழுக்காடு. முன்னது ஒப்பீட்டு அளவு, பின்னது நேரளவு. நாளிதழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ஒப்பீட்டு அளவையே விரும்புகின்றன. 'இடர் இருமடங்காகும்' என்னும் தலைப்பைக் கண்டால், எதிலிருந்து இருமடங்கு என்று கேட்க வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆவதும் இருமடங்கே. நூறு பேரில் இருபது பேருக்கு இருந்தது நாற்பது பேருக்கு ஆவதும் இருமடங்கே.

அதே எண்களை இன்னொரு முறை நோக்குவோம். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற நூறு பேரில் 45 பேருக்கு அந்த மூன்றாண்டுகளில் நோய் வரவில்லை. தொடர்ந்து வழிகாட்டப்பட்ட நூறு பேரிலும் 39 பேருக்கு வந்துவிட்டது. முன்னவர்களில் ஒருவர், 'நான் எதையும் மாற்றவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை' என்று கூறலாம். பின்னவர்களில் ஒருவர், 'நாள்தோறும் நடந்தேன், என்ன பயன்?' என்று வருந்தலாம். இருவரும் கூறுவது தத்தம் வாழ்வைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் இருவர் கதையும் மூன்றாமவர் ஒருவருக்கு வழிகாட்ட இயலாது. அந்தப் பதினாறு பேரில் தாம் ஒருவர் என்பதை எவரும் தனித்து அறிய முடியாது. வராத நோய்க்கு முகம் இல்லை. அதனாலேயே தாத்தாவின் கதை நினைவில் நிற்கிறது. நூற்றில் பதினாறு நிற்பதில்லை.

எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். தமிழகத்து இதழ்களைப் படிப்போரும் அங்குள்ள உறவினருடன் பேசுவோரும் 'வெறும் வயிற்றில் சர்க்கரை 126' என்னும் எண்ணைக் காண்பர். நம் நாடுகளின் மருந்தகங்களில் அதே அளவு 7.0 எனப்படும். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பின்னது லிட்டருக்கு மில்லிமோல். முன்னதைப் பதினெட்டால் வகுத்தால் பின்னது வரும். இரண்டும் நீரிழிவைக் கண்டறியும் ஒரே எல்லை. அலகை அறியாதவர், தம் 7 என்னும் எண்ணை ஊரிலுள்ள தம்பியின் 126உடன் ஒப்பிட்டு மகிழ்ந்துவிட வாய்ப்புண்டு.

நோயின் பெயர் காட்டுவதும் மறைப்பதும்

நம் வட்டாரத்தில் நீரிழிவுக்கு 'இனிப்பு நீர்' என்னும் பெயர் பெருவழக்கு. மலாய் மொழியின் 'கென்சிங் மானிஸ்' என்னும் வழக்கும் இனிய சிறுநீர் என்றே பொருள்படும். 'நீரிழிவு' என்பதும் நீர் மிகுதியாகக் கீழிறங்குதலைச் சுட்டும் பழைய பெயரே; இழிதல் என்றால் இறங்குதல். கண்ணால் கண்ட அறிகுறியைக் கொண்டு முன்னோர் பெயரிட்டனர். அது நுட்பமான கவனிப்பு. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை, லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டிய பின்னரே பொதுவாகச் சிறுநீரில் அது கலந்து வெளிவருகிறது. நோயின் எல்லையோ வெறும் வயிற்றில் 7.0. ஆகவே இப்பெயர், நோய் சற்று முற்றிய பின் தோன்றும் அடையாளத்தைக் காட்டுகிறது. சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை என்பதால் நோயில்லை எனக் கொள்வோர், பெயர் காட்டும் இடத்தில் மட்டும் நோயைத் தேடுகின்றனர்.

'சர்க்கரை நோய்' என்னும் பெயருக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. உண்ணும் சர்க்கரையே நோய் எனத் தோன்றச் செய்கிறது. கோப்பிக் கடையில் 'கோசோங்' என்று கேட்டுச் சர்க்கரையைத் தவிர்த்துவிட்டுப் பெரிய தட்டு வெண்சோற்றையும் இரண்டு பரோட்டாவையும் கணக்கில் கொள்ளாமல் விடுவோர் உளர். மாவுச்சத்தும் உடலில் சர்க்கரையாகவே மாறுகிறது என்பதைப் பெயர் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

'இரத்தக் கொதிப்பு' என்பது வெப்பத்தை உவமையாகக் கொண்டது. கொதிப்பு இருந்தால் சினம் எழும், தலை சுற்றும், உடல் காந்தும் என்று எதிர்பார்க்கிறோம். அமைதியான இயல்புடையவர் தமக்குக் கொதிப்பு இராது என்று கருதுகிறார். ஆனால் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் இன்றியே இருக்கும். 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு மீண்டும் மீண்டும் காணப்படுகிறதா என்பதைக் கருவி கொண்டு அளந்தே அறிய முடியும். இவ்வகையில் 'இரத்த அழுத்தம்' என்னும் பெயரே பொருத்தமானது. அழுத்தம் அளக்கத்தக்கது என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

குடும்பம் என்னும் வாய்மொழி ஆவணம்

மருத்துவப் படிவங்களில் 'குடும்ப நோய் வரலாறு' என்னும் கட்டம் இருக்கும். இளையர் பலர் அதில் 'தெரியாது' என்று எழுதுகின்றனர். தெரியாமைக்கு முதற்காரணம், நம் வீட்டுப் பேச்சில் நிலவும் தகுதி வழக்கு எனலாம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனும் மூன்றையும் மாணவர் இலக்கண வகுப்பில் படிக்கின்றனர். மூன்றும் இங்கே செயற்படுகின்றன.

இறப்பைச் சொல்லும்போது 'காலமானார்', 'இயற்கை எய்தினார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்கிறோம். அது மங்கலம். துயருற்றோர் மனம் நோகாதிருக்க அவ்வழக்கு தேவை. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் 'தூக்கத்திலேயே போய்விட்டார்' என்னும் தொடருக்குள் மாரடைப்பு இருந்ததா, பக்கவாதம் இருந்ததா என்பது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை. பெண்களின் மார்பகத்திலோ கருப்பையிலோ வந்த நோயை 'கட்டி' என்றும் 'பெண்கள் நோய்' என்றும் சொல்லி நிறுத்துவது இடக்கரடக்கல். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் ஒரு பெண்ணின் இடர் கூடுகிறது. எப்போது பரிசோதனையைத் தொடங்குவது என்று மருத்துவருடன் பேச, அச்செய்தி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் தமக்குள் பேசும் மொழியோ குழூஉக்குறி. தாத்தாவிடம் ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட நோயின் பெயர் அவரோடு வீடு வந்து சேராமலே போய்விடுகிறது.

இரண்டாவது சிக்கல் உறவுப்பெயர்களில் இருக்கிறது. 'மாமாவுக்கு இதயநோய்' என்று மாணவர் எழுதுகிறார். எந்த மாமா? தாயுடன் பிறந்தவரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா. முதல்வருக்கும் மாணவருக்கும் இரத்த உறவு உண்டு. மற்ற இருவருக்கும் பொதுவாக இல்லை. தந்தையின் தம்பியும் சித்தப்பா. தாயின் தங்கை கணவரும் சித்தப்பா. பெரியப்பா மகனையும் 'அண்ணன்' என்றே அழைக்கிறோம். தமிழ் உறவுமுறை, யாருக்கு எவ்வகை மதிப்பையும் உரிமையையும் தருவது என்பதை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. மருத்துவம் கேட்பதோ பிறப்புத் தொடர்பு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் முதல்நிலை உறவினர். மரபணுவில் ஏறத்தாழப் பாதி பொதுவானது. தாத்தா, பாட்டி, பெற்றோருடன் பிறந்தோர் ஆகியோர் இரண்டாம் நிலையினர். ஏறத்தாழக் கால்பங்கு பொதுவானது. இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் கூர்மையான சொல் ஒன்று உண்டு: 'உடன்பிறந்தவர்.' 'அம்மாவுடன் பிறந்த மாமா', 'அப்பாவுடன் பிறந்த சித்தப்பா' என்று எழுதினால் ஐயம் நீங்கும்.

மூன்றாவதாக, நோய் வந்த வயதையும் கேட்டறிய வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன்னும், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன்னும் இதயநோய் வந்திருந்தால் மருத்துவர் அதை முக்கியமான செய்தியாகக் கொள்வார். எண்பது வயதில் வந்த மாரடைப்பும் நாற்பத்தெட்டில் வந்த மாரடைப்பும் 'தாத்தாவுக்கு நெஞ்சுவலி' என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன.

'பரம்பரை நோய்' என்னும் தொடரையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பம் நமக்கு மரபணுவை மட்டும் தருவதில்லை. சோற்றுப்பானையையும், உண்ணும் நேரத்தையும், மாலையில் அமர்ந்தே கழிக்கும் வழக்கத்தையும் சேர்த்தே தருகிறது. ஒரு வீட்டில் பலருக்கு நீரிழிவு இருப்பது இவ்விரண்டின் கூட்டு விளைவாக இருக்கலாம். முன்னதை மாற்ற இயலாது. பின்னதை மாற்ற இயலும்.

நான்கு கேள்விகள்

மாற்ற இயலாததையும் இயல்வதையும் ஒருசேரக் காட்டும் எளிய கருவி ஒன்று சென்னையில் உருவானது. டாக்டர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் சென்னை மக்களிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு, 2005இல் இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையை வெளியிட்டனர். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. அளவுநாடா ஒன்று போதும்.

முதற்கேள்வி வயது: 35க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. இரண்டாவது இடுப்புச் சுற்றளவு: பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழும் ஆணுக்கு 90க்குக் கீழும் 0, பெண்ணுக்கு 80 முதல் 89 வரையும் ஆணுக்கு 90 முதல் 99 வரையும் 10, அதற்குமேல் 20. மூன்றாவது உடலுழைப்பு: உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் உண்டெனில் 0, இரண்டில் ஒன்று மட்டும் உண்டெனில் 20, இரண்டும் இல்லையெனில் 30. நான்காவது பெற்றோர்: இருவருக்கும் நீரிழிவு இல்லையெனில் 0, ஒருவருக்கு உண்டெனில் 10, இருவருக்கும் உண்டெனில் 20. கூட்டுத்தொகை 60உம் அதற்கு மேலும் மிகுந்த இடர். 30 முதல் 50 வரை நடுத்தர இடர். 30க்குக் கீழ் குறைந்த இடர்.

நாற்பத்தாறு வயது ஆசிரியர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 94 சென்டிமீட்டர், அதற்கு 10. நாற்காலி வேலை, உடற்பயிற்சி இல்லை, அதற்கு 30. தாய்க்கு நீரிழிவு, அதற்கு 10. மொத்தம் 70, மிகுந்த இடர். இவற்றுள் வயதும் தாயும் தந்த 30ஐ அவரால் மாற்ற இயலாது. எஞ்சிய 40 அவரோடு தொடர்புடையது. அவர் நாள்தோறும் உடற்பயிற்சியைத் தொடங்கினால் 30 என்பது 20 ஆகும். இடுப்பு 90க்குக் கீழ் வந்தால் 10 என்பது 0 ஆகும். மொத்தம் 50 ஆகிறது. அவர் நடுத்தர இடருக்கு இறங்குகிறார். 'வந்தே தீரும்' என்பாருக்கும் 'வராது' என்பாருக்கும் இக்கணக்கு ஒருங்கே விடையளிக்கிறது.

மிகுந்த மதிப்பெண் நோய் இருப்பதற்குச் சான்றாகாது. இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. குறைந்த மதிப்பெண்ணும் உறுதிச்சீட்டு ஆகாது. இடுப்பை அளக்கும்போது கால்சட்டையின் அளவை எழுதிவிடக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளத்தல் வேண்டும்.

'இந்தியர்' என்னும் இனப்பெயரும் இவ்வாறே ஓர் இடர்க்காரணியாகக் கொள்ளப்படுகிறது. தெற்காசிய வழியினர்க்கு உடற்பருமன் குறைவாக இருக்கும்போதே நீரிழிவு தோன்றுகிறது. அதனாலேயே சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீட்டெண் 23ஐத் தொட்டதும் இடர் கூடுவதாகவும், 27.5இல் மிகுவதாகவும் கொள்கின்றனர். ஆனால் நூறு பேரில் 17 பேருக்கு என்பது ஒரு கூட்டத்தின் அளவு. அக்கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரின் நெற்றியிலும் அந்த எண் எழுதப்பட்டிருக்கவில்லை. அதைக் கொண்டு ஒருவரைப் பழிப்பதும் தவறு. தம்மைத் தாமே கைவிடுவதும் தவறு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தமிழாசிரியர்கள் இதற்கெனத் தனிப்பாடம் வகுக்க வேண்டியதில்லை. நலம் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கருத்தறிதல் பயிற்சியாகத் தரும்போது, நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். எத்தனை பேரில்? எத்தனை ஆண்டுக் காலத்தில்? யாரோடு ஒப்பிடுகையில்? இதில் எது நம்மால் மாற்ற இயன்றது? விடை செய்தியில் இல்லையெனில், 'இல்லை' என்று கண்டறிவதே நல்ல விடையாகும். 'வரும்' என முடியும் வாக்கியத்தை எண்ணோடு கூடிய வாக்கியமாக மாற்றி எழுதச் செய்வது நல்ல இலக்கணப் பயிற்சியும் ஆகும்.

மாணவர்களுக்கு வீட்டில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தீபாவளி விடுமுறையில் தாத்தா பாட்டியுடன் அமர்ந்து, இரத்த உறவினரை மட்டும் கொண்ட குடும்பமரம் ஒன்றை வரையலாம். ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் என்ன நோய், எந்த வயதில் என்று குறிக்கலாம். முதியோரிடம் 'எப்படி இறந்தார்?' என்று கேட்பதைவிட, 'கடைசி ஆண்டுகளில் என்ன மருந்து சாப்பிட்டார்?', 'காலில் புண் ஆறாமல் இருந்ததா?', 'ஒரு பக்கம் கை விழுந்ததா?' என்று கேட்டால் மங்கல வழக்கும் கெடாது, செய்தியும் கிடைக்கும். இத்தாள் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். பிறர் குடும்பத்தின் நோய் வரலாற்றை வகுப்பில் வாசிக்கச் சொல்வது முறையன்று.

சிங்கப்பூரில் 40 வயதை எட்டியவர்களுக்குத் தேசியப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ்க் கட்டணச் சலுகையுடன் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் ஆகியவற்றுக்குப் பரிசோதனை கிடைக்கிறது. மலேசியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்டோர்க்கு 'பெக்கா பி40' திட்டம் உள்ளது. குடும்ப வரலாறு வலுவாக இருப்போர் அவ்வயது வரும்வரை காத்திராமல் மருத்துவரை அணுகிப் பேசுதல் நன்று. அங்கே செல்லும் இளையர், 'குடும்ப நோய் வரலாறு' என்னும் கட்டத்தில், 'அம்மாவுடன் பிறந்த மாமா, மாரடைப்பு, 48 வயதில்' என்று எழுதுவாரானால், அவர் முன் அமர்ந்திருக்கும் மருத்துவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அவ்வொரு வரியை எழுதும் ஆற்றலைத் தமிழ் வகுப்பும் தமிழ் வீடும் சேர்ந்து அளிக்க முடியும்.